கட்டளையும் தரவும்
கணனிக்கும் செல்லிட மொடெமுக்கும் இடையிலான தொடர்பாடல் – ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடலின் வரலாறு பெரும்பாலும் நெடுந்தூரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடலடிக் கம்பி, வானொலி, செய்மதி, செல்லிடத் தொலைபேசி என்பன பற்றிய நூல்கள் பலவாக உள்ளன. ஆயின், செல்லிட வலையமைப்புடன் இணைக்கப்பட்ட எந்தக் கருவியினுள்ளும் சில சென்ரிமீற்றர் நீளமேயுடைய இன்னொரு பாதை உண்டு. செய்தியை ஆக்கும் கணனிக்கும் அதனை வானலையில் ஏற்றும் மொடெமுக்கும் இடையிலான பாதை அது. நெடுவழியில் நேரும் வழுக்களைக் களைவதற்கு அரை நூற்றாண்டுக் காலம் பேருழைப்புச் செலவிடப்பட்டது. இக்குறுவழியோ, கம்பி ஒன்றுதானே என்ற எண்ணத்தினால் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இன்று மின்மானிகளிலும் நீரேற்று நிலையங்களிலும் அபாய அறிவிப்புக் கருவிகளிலும் பொருத்தப்பட்டுள்ள செல்லிட மொடெம்களின் அருகில் மனிதர் எவரும் இருப்பதில்லை. கணனியும் மொடெமும் ஒன்றையொன்று தவறாக விளங்கிக்கொண்டு நின்றுவிட்டால், அதனை நிறுத்தி மீள இயக்குதற்கு ஒருவர் பல மைல் பயணம் செய்ய வேண்டும்; அதுவரை அபாய அறிவிப்பு வெளிச்செல்லாது. ஆகவே இக்குறுவழியின் நம்பகத்தன்மை சிறியதொரு பொறியியல் நுணுக்கம் மட்டுமன்று. அது எவ்வாறு உருவாயிற்று, எங்கே பலவீனமுற்றது, எவ்வகையிற் சீர்செய்யப்பட்டது என்பவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை திரும்பத்திரும்பப் புலனாகின்றது. மொடெமை நோக்கிச் சொல்லப்படும் கட்டளையும் மொடெமின் ஊடாக அனுப்பப்படும் தரவும் ஒரே கம்பியிற் செல்லத் தொடங்கியமையே இடர்ப்பாடுகள் பலவற்றின் மூலகாரணமாகும்.

தந்தியின் மரபு

தொடர்நிலைத் தொடர்பாடல் என்பது ‘பிற்று’ எனப்படும் துவித இலக்கங்களை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையாகும். இது கணனிக்கு முற்பட்டது. பிரான்சிய தந்திப் பொறியியலாளரான எமில் போடோ 1874இல் ஓரெழுத்துக்கு ஐந்து துடிப்புக்கள் என்ற குறியீட்டு முறைக்கு உரிமம் பெற்றார். அம்முறையில் அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே வேகத்தில் இடையறாது ஒத்தியங்க வேண்டியிருந்தது. இருமுனைகளிலும் உள்ள பொறிகள் சிறிதளவு வேகம் வேறுபடினும் எழுத்துக்கள் சிதைந்துவிடும்.

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவில் ஹவார்ட் குரும் 1910ஆம் ஆண்டளவில் உருவாக்கிய தொடக்க – நிறுத்த முறை ஆகும். ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ஒரு தொடக்கத் துடிப்பும் பின்னும் ஒரு நிறுத்தத் துடிப்பும் சேர்க்கப்பட்டன. தொடக்கத் துடிப்பைக் கண்டதும் பெறும் பொறி தன் காலக்கணக்கைப் புதிதாகத் தொடங்கும். எழுத்து முடிந்ததும் அடுத்ததற்காகக் காத்திருக்கும். இதனால் ஒத்தியக்கம் ஓர் எழுத்தின் அளவுக்குத் தேவைப்பட்டதேயன்றி நாள் முழுவதற்கும் தேவைப்படவில்லை.

இம்முறையே இன்றும் கணனிக்கும் மொடெமுக்கும் இடையில் நிலவுகின்றது. எட்டுப் பிற்றுகள் கொண்ட ஒரு பைற்றுடன் தொடக்கப் பிற்றும் நிறுத்தப் பிற்றும் சேர்ந்து பத்தாகின்றன. பெறுவோன் ஒவ்வொரு பிற்றின் நடுவிலும் கம்பியை நோக்குகின்றான் எனக் கொண்டால், பத்தாவது பிற்றை நோக்கும் வேளையில் அவனது கடிகாரம் அரைப் பிற்றுக்கு மேல் விலகியிருத்தலாகாது. அதாவது, இரு கடிகாரங்களுக்கும் இடையிலான மொத்த வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு 5 என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும். நடைமுறையில் இதனினும் குறைவாகவே இடமுண்டு. எழுத்து எங்கே தொடங்குகின்றது என்பதை மட்டுமே இவ்வொழுங்கு உணர்த்தும். அவ்வெழுத்து எதனைக் குறிக்கின்றது, யாருக்கு உரியது, சரியாக வந்து சேர்ந்ததா என்பனபற்றி அது எதுவும் கூறாது. பிற்கால வரலாறு முழுவதும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே எனலாம்.

தனித்தனிக் கம்பிகள்

1950களின் இறுதியில் அமெரிக்காவின் ‘சேஜ்’ என்ற வான்பாதுகாப்பு வலையமைப்பின் தேவைக்காக மொடெம்கள் பெருமளவிற் பயன்பாட்டுக்கு வந்தன. 1962இல் பெல் நிறுவனம் வெளியிட்ட ‘பெல் 103’ மொடெம் சாதாரண தொலைபேசிக் கம்பியில் செக்கனுக்கு 300 பிற்றுகளை ஒரே வேளையில் இரு திசைகளிலும் அனுப்பவல்லதாயிருந்தது. கணனி முனையத்தையும் மொடெமையும் இணைக்கும் முறையை ஒழுங்குபடுத்துவதற்கு 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் சங்கம் ‘ஆர்.எஸ்.-232’ என்ற நியமத்தை வெளியிட்டது. 1969இல் வெளிவந்த அதன் ‘சி’ திருத்தமே பல்லாண்டுக் காலம் உலகெங்கும் நிலைபெற்றது.

இந்நியமத்தில் தரவுக்கெனச் செல்லும் கம்பியொன்றும் வரும் கம்பியொன்றும் இருந்தன. அவற்றுக்குப் புறம்பாக, முனையம் ஆயத்தமாயிருக்கின்றது, மொடெம் ஆயத்தமாயிருக்கின்றது, மறுமுனையின் சமிக்ஞை கேட்கின்றது, மணி ஒலிக்கின்றது என்பவற்றை அறிவிக்க வெவ்வேறு கம்பிகள் ஒதுக்கப்பட்டன. நிலைமை பற்றிய அறிவிப்பு எதுவும் தரவுக் கம்பியிற் செல்லவில்லை. தொலைபேசி எண்ணைச் சுழற்றும் வேலையும் மொடெமிடம் ஒப்படைக்கப்படவில்லை. அதற்கெனப் ‘பெல் 801’ போன்ற தனிக்கருவியும், அதனைக் கணனியுடன் இணைப்பதற்கு ‘ஆர்.எஸ்.-366’ என்ற தனி நியமமும் தனி வடமும் இருந்தன. இவ்வொழுங்கு செலவு மிக்கது. ஆயினும், கட்டளைக்கும் தரவுக்கும் இடையே குழப்பம் நேர்வதற்கு அதில் இடமிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1968இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு ‘காட்டர்போன்’ வழக்கில் வழங்கிய தீர்ப்பு, பெல் நிறுவனத்தின் தயாரிப்பல்லாத கருவிகளையும் தொலைபேசி வலையமைப்புடன் இணைக்க வழிவகுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் சிறுகணனிகள் வீடுகளை அடைந்தபோது, மலிவான மொடெம் ஒன்றிற்கான தேவை தோன்றியது.

ஹேய்ஸின் தீர்வும் அதன் விலையும்

அற்லாந்தா நகரில் டெனிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகிய இருவரும் தொடங்கிய நிறுவனம் முதலில் குறிப்பிட்ட சில கணனிகளின் உள்ளே செருகத்தக்க மொடெம்களை ஆக்கிற்று. கணனி வகை ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு மொடெம் ஆக்குவது இலாபகரமானதன்று. எல்லாக் கணனிகளுக்கும் பொதுவாயிருந்தது ஆர்.எஸ்.-232 வாயில் ஒன்றே. அதுவும் பெரும்பாலான சிறுகணனிகளில் ஒன்றுக்குமேல் இருக்கவில்லை. எனவே எண் சுழற்றும் கட்டளையையும் தரவையும் ஒரே கம்பியில் அனுப்ப வேண்டியதாயிற்று. 1981இல் வெளிவந்த ‘ஸ்மாட்மொடெம்’ இவ்வாறே தோன்றியது.

அதன் கட்டளைகள் யாவும் ‘கவனி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான ‘ஏ.ரி.’ என்ற ஈரெழுத்துக்களுடன் தொடங்கின. இத்தெரிவு தற்செயலானதன்று. அஸ்கி குறியீட்டில் ‘ஏ’யின் எண் 65. துவித வடிவில் அதன் கடைசி இலக்கம் 1. கம்பியில் கடைசி இலக்கமே முதலிற் செல்வதால், தொடக்கப் பிற்றாகிய பூச்சியத்தை அடுத்து உடனே ஒன்று வருகின்றது. அப்பூச்சியம் நீடித்த காலத்தை அளந்தால் கணனி எவ்வேகத்தில் அனுப்புகின்றது என்பது தெரிந்துவிடும். ‘ஏ’யில் இரண்டு ஒன்றுகள் உள்ளன, 84 என்ற எண்ணையுடைய ‘ரி’யில் மூன்று உள்ளன. ஒன்று இரட்டை, மற்றையது ஒற்றை. ஆகவே ஒவ்வோர் எழுத்துடனும் வரும் சரிபார்ப்புப் பிற்றை இரண்டிலும் ஒப்பிட்டால், கணனி எவ்வகைச் சரிபார்ப்பு முறையைப் பின்பற்றுகின்றது என்பதும் புலனாகும். சிறிய எழுத்துக்களிலும் இதே வேறுபாடு உண்டு. அவற்றுள் முறையே மூன்றும் நான்கும் ஆகிய ஒன்றுகள் உள்ளன. பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ரி’யும் சேர்ந்தாலோ இரண்டுமே இரட்டையாகிவிடும். பெரிய எழுத்து இரண்டும் அல்லது சிறிய எழுத்து இரண்டும் ஏற்கப்பட, கலந்து வருவன ஏற்கப்படாமைக்கு இக்கணக்கு பொருத்தமான விளக்கமாக அமைகின்றது.

இணைப்பு ஏற்பட்டபின் கணனி அனுப்பும் ஒவ்வொரு பைற்றும் மறுமுனைக்குரிய தரவாகின்றது. அப்பொழுது மொடெமிடம் ‘இணைப்பைத் துண்டி’ எனக் கூறுவது எங்ஙனம்? மூன்று கூட்டற்குறிகளைத் தொடர்ந்து அனுப்பினால் மொடெம் கட்டளை நிலைக்குத் திரும்பும் என விதிக்கப்பட்டது. ஆனால் அனுப்பப்படும் கட்டுரை ஒன்றிலேயே மூன்று கூட்டற்குறிகள் இருந்தால் இணைப்புத் தடைப்படுமன்றோ? இதற்கு ஹெதரிங்டன் கண்ட விடை மௌனம் ஆகும். கூட்டற்குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு செக்கன் கம்பி வெறுமையாக இருந்தால் மட்டுமே அது கட்டளையாகக் கொள்ளப்படும். தரவு இடையறாது ஓடும்போது இத்தகைய மௌனம் வாய்ப்பது அரிது. இக்கருத்துக்கு 1985இல் அமெரிக்க உரிமம் வழங்கப்பட்டது.

உரிமக் கட்டணம் செலுத்த விரும்பாத வேறு சில உற்பத்தியாளர் மௌனத்தைக் கைவிட்டு, கூட்டற்குறிகளை அடுத்து முறையான ஏ.ரி. கட்டளையொன்று வந்தாற் போதும் என்ற முறையைக் கையாண்டனர். ஹேய்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதன் உரிமத்தை உறுதிசெய்தது. நிறுவனம் 1999ஆம் ஆண்டளவில் கலைக்கப்பட்டதாயினும், வழக்கின் பின்னாலிருந்த பொறியியல் உண்மை அதற்கு முந்திய ஆண்டிலே வெளிப்பட்டது. தொலைவிலுள்ள ஒருவர், மூன்று கூட்டற்குறிகளையும் துண்டிப்புக் கட்டளையையும் உள்ளடக்கிய ஒரு சிறு சோதனைச் செய்தியை இணையத்தின் வழியாக ஒரு கணனிக்கு அனுப்புவார். இணைய வழக்கப்படி அக்கணனி அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். அது தன் மொடெமைக் கடக்கும்போது, மௌனத்தைக் கவனிக்காத மொடெம் அதனைத் தனக்குரிய கட்டளையெனக் கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கணனியும் பழுதுறவில்லை, கம்பியும் பழுதுறவில்லை, பைற்றுகள் யாவும் சரியாகவே சென்றன. எது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதே தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது.

காக்கப்பட்ட நெடுவழியும் காக்கப்படாத குறுவழியும்

தரவு சரியாக வந்து சேர்ந்ததா என்ற வினாவுக்கு முதல் விடை கண்டோர் நெடுவழியையே கருத்திற் கொண்டனர். அனுப்பப்பட்ட தொகுதியுடன் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புதல், பெற்றவன் ஏற்புரையோ மறுப்புரையோ வழங்குதல், மறுப்பு வந்தால் மீள அனுப்புதல் என்பன அடிப்படைக் கூறுகளாகும். 1961இல் பீற்றர்சன், பிறவுண் ஆகியோர் வட்டக் குறியீடுகளால் வழுக்களைக் கண்டறியும் முறையை விளக்கினர். 1969இல் பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மூவர், ஒரேயொரு மாறும் பிற்றினால் ஒரு செய்தி புதியதா மீள அனுப்பப்பட்டதா என வேறுபடுத்தலாம் எனக் காட்டினர். 1977இல் வார்ட் கிறிஸ்தென்சன் சிறுகணனிகளுக்காக எழுதிய ‘எக்ஸ்மொடெம்’ 128 பைற்றுகள் கொண்ட தொகுதிகளாகக் கோப்பைப் பிரித்தது. பைற்றுகளின் கூட்டுத்தொகையே அதன் சரிபார்ப்பு எண். இரு பைற்றுகள் இடம்மாறினால் கூட்டுத்தொகை மாறாதாகையால், அவ்வழுவை அது காணமாட்டாது. பின்வந்தோர் வட்டக் குறியீட்டை அதனுட் புகுத்தினர்.

1988இல் உருவான ‘வி.42’ என்ற சர்வதேச நியமம் இப்பணியை மொடெம்களிடமே ஒப்படைத்தது. தொலைபேசிக் கம்பியின் இரைச்சலால் நேரும் வழுக்களை இரு மொடெம்களும் தமக்குள்ளேயே திருத்திக்கொண்டன. பயன்படுத்துவோர் இணைப்பு வழுவற்றது என நம்பத் தலைப்பட்டனர். ஆயின் வழுவற்றதாயிருந்தது மொடெமிலிருந்து மொடெம் வரையிலான பாதையே. மொடெமிலிருந்து கணனி வரையிலான இறுதிக் கம்பியில் எக்காவலும் இருக்கவில்லை.

அக்கம்பியில் இரைச்சலிலும் பெரிய பகை நேரமின்மையே. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியில் ‘8250’ என்ற தொடர்நிலைச் சில்லு பயன்பட்டது. வந்த ஒரு பைற்றை மட்டுமே அது வைத்திருக்கும். செக்கனுக்கு 9,600 பிற்று வேகத்தில் அடுத்த பைற்று ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் வந்து முடியும். அதற்குள் கணனி முன்னதை எடுத்துக்கொள்ளாவிடில் அது அழிந்துவிடும். வேகம் 115,200 ஆனபோது இந்த அவகாசம் ஏறத்தாழ 87 மைக்குரோசெக்கனாகச் சுருங்கிற்று. பின்வந்த ‘16550ஏ’ என்ற சில்லு 16 பைற்றுகளை வரிசையில் வைத்திருந்தமையால் ஒன்றரை மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவான அவகாசம் கிடைத்தது.

எனினும் வரிசை எவ்வளவு நீளினும் ஒருநாள் நிரம்பும். ஆகவே ‘நிறுத்து’, ‘தொடர்’ எனக் கூறும் வழி வேண்டும். இதற்கு இரு முறைகள் வழக்கில் வந்தன. முதலாவது, 19, 17 என்ற எண்களையுடைய அஸ்கி குறிகளைத் தரவுக் கம்பியிலேயே அனுப்புதல். இவை தொலை அச்சுப்பொறியின் துளைநாடா வாசிப்பானை நிறுத்தவும் இயக்கவும் பயன்பட்டவை. எழுத்துக்களை மட்டும் அனுப்பும் காலத்தில் இம்முறை போதியதாயிருந்தது. படமோ நிரலோ செல்லும்போது 19 என்ற பைற்று தரவிலேயே இயல்பாக வரும். அதனைக் கண்ட மறுமுனை காரணமின்றி நின்றுவிடும். இங்கும் கட்டளையும் தரவும் ஒரு கம்பியைப் பகிர்ந்தமையே கேடாயிற்று. இரண்டாவது முறை, தனிக்கம்பிகளால் அறிவித்தல். ஆர்.எஸ்.-232இல் ‘அனுப்ப வேண்டுகின்றேன்’, ‘அனுப்பலாம்’ என்ற இரு கம்பிகள் ஒருவழிப் பாதையில் முறைவைத்துப் பேசுவதற்காக அமைந்தவை. உற்பத்தியாளர்கள் முதற்கம்பியின் பொருளை ‘பெற ஆயத்தமாயுள்ளேன்’ என மாற்றி வழங்கலாயினர். நடைமுறையில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட இப்பொருளை 1991ஆம் ஆண்டுத் திருத்தமே நியமத்துள் ஏற்றுக்கொண்டது.

இடைவழி ஒவ்வொன்றும் தனித்தனியே காக்கப்பட்டால் முழுவழியும் காக்கப்பட்டதாகும் என்ற நம்பிக்கை தவறானது என்பதை சோல்ற்சர், றீட், கிளார்க் ஆகிய மூவரும் 1981இல் வாசித்து 1984இல் விரிவாக வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் வலையமைப்பில் நடந்த ஒரு நிகழ்வை அவர்கள் எடுத்துக்காட்டினர். அங்கு இடைக்கணனி ஒன்று, தன்னுள் வந்த தரவை வெளிச்செல்லும் இடத்துக்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழப் பத்து இலட்சம் பைற்றுகளுக்கு ஒருமுறை இரு பைற்றுகளை இடம்மாற்றி வைத்தது. கம்பிகள் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்டமையால் எவ்வழுவும் தென்படவில்லை. பழைய அச்சுப் பிரதிகளுடன் வரிவரியாக ஒப்புநோக்கியே சிதைந்த கோப்புக்களைத் திருத்த வேண்டியதாயிற்று. முடிவான சரிபார்ப்பு இறுதி இரு முனைகளிலேயே நிகழவேண்டும் என்பது அவர்களது முடிபு.

செல்லிட மொடெமின் வருகை

ஐரோப்பாவில் 1982இல் தொடங்கப்பட்ட முயற்சியின் பயனாக ஜி.எஸ்.எம். வலையமைப்பின் முதல் அழைப்பு 1991 யூலை 1ஆம் நாள் பின்லாந்தில் இடம்பெற்றது. செல்லிடத் தொலைபேசியைக் கணனியுடன் இணைக்கும் முறையை வகுத்தபோது, நியமம் ஆக்கியோர் புதுமொழி எதனையும் படைக்கவில்லை. ஹேய்ஸின் ஏ.ரி. கட்டளைகளையே விரித்து, ‘ஜி.எஸ்.எம். 07.07’ என்ற நியமத்திற் பொதுக் கட்டளைகளையும் ‘07.05’ என்ற நியமத்திற் குறுஞ்செய்திக் கட்டளைகளையும் அமைத்தனர். 1998இல் மூன்றாந் தலைமுறைக்கான கூட்டமைப்பு உருவானபோது அவை 27.007, 27.005 என்ற எண்களைப் பெற்றன. ஏற்கெனவே உள்ள நிரல்கள் எல்லாம் பயன்படும் என்பது இதன் நன்மை. பழைய பலவீனங்களும் உடன்வந்தன என்பது இதன் விலை.

தொலைபேசிக் கம்பியுடன் இணைந்த மொடெம் பெரும்பாலும் கேட்டால் மட்டுமே விடைகூறும். கேளாமற் சொல்லுவது மணியொலிக்கின்றது என்ற அறிவிப்பைப் போன்ற சிலவே. செல்லிட மொடெமோ வாய் ஓயாதது. குறுஞ்செய்தி வந்தது, வலையமைப்பில் பதிவு கிடைத்தது, பதிவு அற்றுப்போயிற்று எனக் கேளாமலே பலவற்றை அறிவிக்கும். கணனி சமிக்ஞையின் வலுவை வினவி விடைக்குக் காத்திருக்கும் வேளையில் இவ்வறிவிப்புகளுள் ஒன்று வந்தால், அதனையே விடையெனக் கொள்ளும் நிரல்கள் உண்டு. அன்றியும், அனுப்பிய கட்டளையை மொடெம் எதிரொலிக்கும் வழக்கமும் உண்டு. எதிரொலியை விடையெனக் கொள்வதும் நேரலாம். கட்டளையொன்று நிறைவேறிக்கொண்டிருக்கும்போது கணனி இன்னோர் எழுத்தை அனுப்பினால், நீண்டநேரம் எடுக்கும் சில கட்டளைகள் இடையிலே கைவிடப்படும் என நியமமே விதித்துள்ளது. விடை தாமதமாகின்றதே எனப் பொறுமையிழந்து மீளக்கேட்கும் நிரல், தான் கேட்டதையே தானே அழித்துக்கொள்கின்றது.

குறுஞ்செய்தி அனுப்பும் முறை இவ்வரலாற்றை முழுமையாகப் பிரதிபலிக்கின்றது. கணனி கட்டளையை அனுப்பும். மொடெம் ‘பெரிது’ என்ற கணிதக் குறியையும் ஓர் இடைவெளியையும் காட்டி அழைக்கும். அதன்பின் வருவது யாவும் செய்தியாகக் கொள்ளப்படும். 26 என்ற எண்ணையுடைய குறி வந்ததும் செய்தி முடியும். இவ்விறுதிக் குறி கம்பியில் தொலைந்தால், மொடெம் செய்திக்காகவே காத்துநிற்கும். கணனியோ விடைக்காகக் காத்துநிற்கும். பின்னர் கணனி அனுப்பும் கட்டளைகள் அனைத்தும் செய்தியின் பகுதிகளாகச் சேர்ந்துகொண்டே போகும். எவரும் அருகில் இல்லாத நீரேற்று நிலையம் ஒன்றில் இத்தகைய நிலை ஏற்படின் அதன் விளைவு வெளிப்படையானது. ஆதலால் ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு கால எல்லை, எல்லை கடந்தால் செய்தியைக் கைவிடும் குறி, அதுவும் பயனற்றால் தனிக்கம்பியினாலோ மின்வழங்கலைத் துண்டித்தோ மீளத் தொடங்குதல் என்ற படிமுறை இன்றியமையாததாகின்றது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. செய்தி வலையமைப்பை அடைந்தபின், ‘அனுப்பப்பட்டது’ என்ற விடை கணனியை அடையுமுன் மொடெம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். செய்தி சென்றதா இல்லையா என்பதை அறியக் கணனிக்கு வழியில்லை. மீள அனுப்பினால் இருமுறை செல்லலாம்; அனுப்பாவிடின் ஒருமுறையும் செல்லாதிருக்கலாம். நம்பத்தகாத பாதையில் இருவர் முற்றான உடன்பாட்டை அடைதல் இயலாது என்ற இவ்வுண்மை 1975இல் ஆய்வுக் கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டப்பட்டு, 1978இல் ஜிம் கிறேயினால் ‘இரு தளபதிகளின் புதிர்’ எனப் பெயரிடப்பட்டது. இதனை எக்கம்பியாலும் நீக்கவியலாது. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண்ணிட்டு, இருமுறை வந்ததைப் பெறுவோன் அறிந்து புறக்கணிக்கச் செய்வதே இயலக்கூடியது.

ஒரு கம்பியில் பல பாதைகள்

செல்லிட மொடெம் இணையத் தரவை ஏற்றிச் செல்லத் தொடங்கியதும் பழைய வினா கூர்மையடைந்தது. தரவு ஓடும்போதே சமிக்ஞையின் வலுவை அறிய வேண்டும்; குறுஞ்செய்தி வந்தால் உடனே பெறவேண்டும். இதற்காக ஒவ்வொரு முறையும் மௌனம் காத்து, கூட்டற்குறிகளை அனுப்பி, வினவி, மீண்டும் தரவுக்குத் திரும்புவது நடைமுறைக்கு ஒவ்வாது.

‘ஜி.எஸ்.எம். 07.10’, பின்னர் ‘27.010’ என எண்ணிடப்பட்ட பல்சேர்ப்பு நெறிமுறை இதற்குத் தீர்வாக வந்தது. கம்பியிற் செல்லும் யாவும் சட்டகங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் அது எப்பாதைக்குரியது என்ற எண் உண்டு. பூச்சியம் என்ற பாதை இருதரப்பாரும் கம்பியைப்பற்றியே பேசிக்கொள்வதற்கானது. ஏனையவற்றுள் ஒன்றில் இணையத் தரவும், இன்னொன்றில் கட்டளைகளும், வேறொன்றில் கேளாத அறிவிப்புகளும் செல்லலாம். ஆர்.எஸ்.-232இல் தனிக்கம்பிகளாக இருந்த நிலைமை அறிவிப்புகள் கூட இங்கு செய்திகளாக மாறின. உறங்கும் மொடெமை எழுப்புவதற்கும் முறை வகுக்கப்பட்டது: மறுமொழி வரும்வரை எல்லைக்குறிகளைத் தொடர்ந்து அனுப்புதல். உறக்கத்தில் தொலையும் பைற்றுகள் பொருளற்ற குறிகளாதலால் நட்டமில்லை.

ஆயினும் இந்நெறிமுறையும் குறைவற்றதன்று. அதன் எளிய வகையில் 249 என்ற எண் சட்டகத்தின் எல்லைக்குறியாகும். அதே எண் தரவினுள்ளும் வரலாம். சட்டகத்தின் நீளம் தலைப்பிற் கூறப்படுவதால் சாதாரணமாகக் குழப்பமில்லை. ஒரு பைற்று தொலைந்துவிட்டாலோ கணக்குப் பிசகி, உண்மையான எல்லையை மீளக் கண்டுபிடிப்பதற்குள் மேலும் சில சட்டகங்கள் அழியலாம். வளர்ந்த வகையில் 126 எல்லைக்குறியாகின்றது. தரவில் அவ்வெண் வருமிடத்து 125 என்ற குறி முன்வைக்கப்பட்டு அது உருமாற்றி அனுப்பப்படுகின்றது. ஆகவே எல்லைக்குறி ஐயத்துக்கிடமின்றி எல்லையையே குறிக்கும். இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. பெரும்பாலும் பயன்படும் சட்டக வகையில் சரிபார்ப்பு எண் தலைப்பை மட்டுமே காக்கின்றது; உள்ளிருக்கும் தரவைக் காப்பதில்லை. முகவரி தவறாது என்பதற்கு உத்தரவாதம் உண்டு. கடிதத்தின் வாசகத்துக்கு இல்லை. அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு மேலுள்ள நிரலுக்குரியது. 1984ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிபு இங்கு நடைமுறையாகின்றது.

நிறைவாக

இன்று மொடெம்கள் பல யூ.எஸ்.பி. வழியாக இணைகின்றன. அங்கு கம்பி ஒன்றேயாயினும் அதனுள் பல மெய்நிகர்த் தொடர்நிலை வாயில்கள் தோன்றி, கட்டளைக்கு ஒன்றும் தரவுக்கு ஒன்றும் எனப் பிரிந்து நிற்கின்றன. 1960களில் தனித்தனி வடங்களாக இருந்து, 1981இல் மலிவின்பொருட்டு ஒன்றாக்கப்பட்டவை, இவ்வாறு மீண்டும் பிரிந்துள்ளன. சிறிய கருவிகளிலோ இரண்டு தரவுக் கம்பிகளைக் கொண்ட பழைய இணைப்பே இன்றும் உயிருடன் உள்ளது, ‘ஏ.ரி.’ என்ற ஈரெழுத்துக்களும் உடனுள்ளன.

நம்பகத்தன்மை என்பது கம்பியின் பண்பன்று என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது. இவ்விணைப்பில் நேர்ந்த பெருங்கேடுகள் பல, பைற்று சிதைந்தமையால் நேர்ந்தவையல்ல. சரியாக வந்த பைற்றை இருதரப்பாரும் வெவ்வேறு பொருளில் விளங்கிக்கொண்டமையால் நேர்ந்தவை. எது கட்டளை எது தரவு என்ற எல்லை, எப்போது நிறுத்துவது என்ற உடன்பாடு, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரையறை, ஐயம் ஏற்பட்டால் இருவரும் எந்நிலைக்குத் திரும்புவது என்ற முன்னேற்பாடு ஆகிய நான்கும் அமைந்தவிடத்து மெலிந்த கம்பியும் போதியதாகின்றது. அவை அமையாதவிடத்து மிகச்சிறந்த கம்பியும் பயன்தருவதில்லை. தொலைதூர நீரேற்று நிலையத்தின் அபாய அறிவிப்பு உரியவரை அடையுமா என்பது, வானலையைக் காட்டிலும் அக்கருவியினுள்ளேயுள்ள சில சென்ரிமீற்றர் பாதையில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டிலேயே பெரிதும் தங்கியுள்ளது.